புள்ளியிலிருந்து புள்ளி வரை

நான் இங்கிலீஷ் படித்தது அடுப்படியில். இப்படிச் சொன்னால் ஏதோ அடக்கமாகப் பேசுகிறேன் என்று நினைக்கிறார்கள். அடக்கம் எனக்கு வராது. உள்ளதைச் சொல்கிறேன்.

எங்கள் ஊர் திண்டுக்கல்லிலிருந்து கொடைரோடு போகிற வழியில், பெரிய சாலையை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது. அங்குள்ள அரசு உயர்நிலைப் பள்ளியின் சத்துணவுக் கூடத்தில் நான் பதினோரு வருஷமாகச் சமையலர். கூடத்துக்கும் ஒன்பதாம் வகுப்புக்கும் நடுவே ஒரே ஒரு சுவர்தான். சுவரின் உச்சியில் காற்றுப் போவதற்காக விட்ட ஓட்டைகள் வழியே எங்கள் தாளிப்பு அங்கே போகும், அவர்களுடைய பாடம் இங்கே வரும். கணக்குப் பாடம் வராது, ஏனென்றால் கணக்கு வாத்தியார் கரும்பலகையோடு மட்டும் பேசுகிறவர். இங்கிலீஷ்தான் ஒரு சொல் சிந்தாமல் வந்து சேரும்.

டீச்சர் நாலு வார்த்தை படிப்பார். நாற்பது பிள்ளைகளும் அதே நாலு வார்த்தையைத் திருப்பிச் சொல்வார்கள். பிறகு அடுத்த நாலு. வாக்கியம் எங்கே முடிகிறது என்பது பற்றி யாருக்கும் கவலை கிடையாது. டீச்சருக்கு மூச்சு எங்கே முடிகிறதோ அங்கே நிறுத்தம். கடைசி வார்த்தையை மட்டும் எல்லாரும் சேர்ந்து இழுத்து ஒரு தூக்குத் தூக்குவார்கள். தெருவில் போகிறவர்கள், பள்ளிக்கூடத்தில் படிப்பு நன்றாக நடக்கிறது என்று மனம் குளிர்ந்து போவார்கள். நடுவில் ஒருமுறை புத்தகம் மாறியது, அவ்வளவுதான். மற்றபடி வருஷா வருஷம் அதே பாடம், அதே இழுவை. ஒரு பாடம் முடியவும் பருப்பு வேகவும் சரியாக இருக்கும். இப்படியே எனக்கு ஒன்பதாம் வகுப்பு இங்கிலீஷ் புத்தகம் முழுவதும் மனப்பாடம் ஆகிவிட்டது. அதில் ஒரு வரிக்குக்கூட அர்த்தம் தெரியாது என்பது வேறு விஷயம்.

என் மகள் ஒன்பதாம் வகுப்புக்கு வந்த வருஷம், வீட்டில் அவள் முதல் பாடத்தை எடுத்து வைத்தபோது, நான் புத்தகத்தைப் பார்க்காமலே சொல்லிக் காட்டினேன். அவள் வாயைப் பிளந்து கேட்டாள். அப்புறம் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்துச் சிரித்து இருமல் வந்து, தண்ணீர் குடித்து, மறுபடியும் சிரித்தாள்.

"ஏத்தா, என்னத்துக்குச் சிரிக்கிற?"

"அம்மா, நீ எல்லாத்தையும் ரெண்டு ரெண்டு தடவ சொல்ற."

நான் யோசித்துப் பார்த்தேன். உண்மைதான். டீச்சர் ஒரு தடவை, பிள்ளைகள் ஒரு தடவை என்று கேட்டுக் கேட்டு, எனக்குள் அது அப்படியே பதிந்திருந்தது. முதல் தடவை டீச்சர் குரலில் மெதுவாக, இரண்டாம் தடவை நாற்பது பேர் சேர்ந்த மாதிரி உரக்க. இங்கிலீஷ்காரர்கள் எதையும் இரண்டு முறைதான் சொல்வார்கள் என்று நான் இத்தனை நாள் நம்பிக்கொண்டிருந்திருக்கிறேன்.

சிரிப்போடு போயிருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். அந்த வருஷம் ஆனி மாதத்தில் என் வலது தோள்பட்டை கையை மேலே தூக்க விடவில்லை. சாதம் வடிக்கிற அண்டாவை ஒரு நாள் இறக்கும்போது 'டக்' என்று ஏதோ பிடித்தது. அன்றிலிருந்து சீப்பைத் தலைக்குக் கொண்டுபோகக்கூட இடது கைதான். திண்டுக்கல் பெரியாஸ்பத்திரியில் டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, இனிமேல் பாரம் தூக்கக் கூடாது என்றார். தூக்கினால் ஒரு வருஷத்தில் கை சுத்தமாக முடங்கிவிடும் என்றார். நூற்று நாற்பது பிள்ளைகளுக்குச் சமைக்கிற ஆளிடம் பாரம் தூக்காதே என்று சொல்வது எளிது.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் கூடத்து அமைப்பாளர் அடுத்த மே மாதம் ஓய்வு பெறுகிறார் என்று தெரிந்தது. அமைப்பாளர் என்றால் பாரம் தூக்க வேண்டியதில்லை. பதிவேடு எழுத வேண்டும், அரிசி பருப்பு வந்ததைப் பார்த்து வாங்க வேண்டும், பிள்ளைகள் சாப்பிட்டார்களா என்று பார்க்க வேண்டும். பத்தாவது பாஸாகியிருந்தால் சமையலருக்கும் அந்தப் பதவி உயர்வு உண்டு. நான் பத்தாவதில் தமிழில் எண்பத்தெட்டு. மற்றதெல்லாம் பாஸ். இங்கிலீஷ் மட்டும் பெயில். மறுபடி எழுதினேன், மறுபடி பெயில். மூன்றாம் முறை எழுதுவதற்குள் கல்யாணம் பண்ணிவைத்துவிட்டார்கள்.

இங்கிலீஷ் டீச்சர் ஒட்டன்சத்திரம் பக்கத்துக்காரர். என்னைவிட ஏழெட்டு வயது சிறியவர். விஷயத்தைக் கேட்டதும், "ஏனுங்க அக்கா, தனித்தேர்வரா எழுதலாமுங்களே. ஒரு பாடந்தானுங்க. முப்பத்தஞ்சு மார்க்குங்க" என்றார். முப்பத்தஞ்சு என்பதை ஏதோ கீரைக்கட்டு வாங்கி வருவது போலச் சொன்னார். பாஸானால் கை தப்பும், வேலையும் தப்பும். பெயிலானால் இரண்டில் ஒன்று போகும். வீட்டுக்காரர் காய்கறி வண்டி ஓட்டுகிறார். ஓடினால்தான் காசு. என் வேலையை விட முடியாது.

மகளே வாத்தியாரானாள்.

அவளுக்குப் பதினாலு வயது. என்னுடைய கோபத்தில் முக்கால் பங்கு அவளிடம் இருக்கிறது. மாலை ஐந்து மணிக்கு நான் முகம் கழுவி உட்கார்ந்ததும் எதிரே ஒரு ஸ்கேலோடு உட்காருவாள். அடிக்க மாட்டாள், ஆனால் பக்கத்தில் இருக்க வேண்டும். சத்தமாகப் படித்தால்தான் மனசில் நிற்கும் என்பது அவள் கட்சி. எழுத்துப் பரீட்சைக்கு உச்சரிப்பு எதற்கு என்பது என் கட்சி. செல்போனில் ஒரு வார்த்தையைத் தட்டினால் ஒரு பெண் அதைச் சொல்லிக் காட்டுவாள். நான் திருப்பிச் சொல்ல வேண்டும். அந்தப் பெண் எத்தனை தடவை கேட்டாலும் சலிக்காமல் அதே குரலில் சொல்வாள். என் மகள் மூன்றாம் தடவையே, "அம்மா, உதட்டக் கடி, பல்லு தெரியணும்" என்று சீறுவாள். நான் உதட்டைக் கடித்தால் இங்கிலீஷ் 'வி' வராது, காற்றுத்தான் வரும். வாசலில் வெயில் தாழ்ந்துகொண்டிருக்கும். பூ வண்டி போகிற சத்தம் கேட்கும். நாங்கள் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து உதட்டைக் கடித்துக்கொண்டிருப்போம்.

இலக்கணம் எனக்கு முட்டையோடு வந்தது. காலையில் நூற்று நாற்பது முட்டை உரிக்க வேண்டும். ஒவ்வொரு முட்டைக்கும் ஒரு வினைச்சொல் என்று வைத்துக்கொண்டேன். ஓட்டைத் தட்டும்போது நிகழ்காலம், உரிக்கும்போது இறந்தகாலம், தண்ணீரில் அலசிப் போடும்போது மூன்றாவது வடிவம். உதவிக்கு இருக்கிற பெண், அக்காவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று முதலில் பயந்தாள். பிறகு அவளும் சேர்ந்து சொல்ல ஆரம்பித்தாள். அண்டா தூக்குவதையும் என் பங்குக்குச் சேர்த்து அவள்தான் அப்போது தூக்கிக்கொண்டிருந்தாள். எத்தனை நாளைக்கு அப்படித் தூக்குவாள் என்று எனக்கு உள்ளுக்குள் கூச்சமாக இருந்தது.

சண்டை வந்தது பத்தியைப் படித்து விடை எழுதுகிற பகுதியில். தெரியாத ஒரு கதையைக் கொடுத்து, கீழே ஐந்து கேள்வி கேட்பார்கள். கேள்விக்கு இரண்டு மதிப்பெண், மொத்தம் பத்து. "இதுதாம்மா உனக்குச் சோறு போடப் போகுது" என்றாள் மகள். முறையைச் சொல்லிக் கொடுத்தாள். கேள்வியில் இருக்கிற வார்த்தையை எடுத்துக்கொள்ள வேண்டும். அதே வார்த்தை பத்தியில் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும். கிடைத்ததும் விரலை வைத்து, அதற்கு முந்திய முற்றுப்புள்ளி எங்கே, அடுத்த முற்றுப்புள்ளி எங்கே என்று பார்க்க வேண்டும். இரண்டு புள்ளிக்கும் நடுவில் இருப்பதை அப்படியே எடுத்து எழுத வேண்டும்.

"அம்புட்டுத்தானா?"

"அம்புட்டுத்தான். எங்க கிளாஸ்ல எல்லாரும் இப்டித்தான் எழுதுவோம். புள்ளிலருந்து புள்ளி."

சான்றாகத் தன் காலாண்டுப் பரீட்சைத் தாளைக் கொண்டுவந்து காட்டினாள். பத்துக்குப் பத்து. சிவப்பு மையில் டீச்சர் 'குட்' என்று வேறு எழுதியிருந்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. தாளை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தேன். அந்தப் பத்தியில் எனக்குத் தெரிந்த ஒரே வார்த்தை போட், படகு. அது ஏழெட்டு இடத்தில் வந்திருந்தது.

"போட்டுன்னு நெறைய வருதே. என்ன கதை இது?"

"போட்டப் பத்தி."

"சரி, போட்டுக்கு என்ன ஆச்சு?"

அவள் தாளை வாங்கிப் பார்த்தாள். முதன்முறையாகப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். "தெரியல" என்றாள்.

"தெரியாம எப்பிடிடீ பத்து மார்க்கு வாங்குன?"

"அது தேவையில்லம்மா. கதை என்னன்னு யாரு கேட்டா? கேள்விக்குத்தான் மார்க்கு."

எனக்கு எங்கிருந்து அப்படி ஒரு ஆத்திரம் வந்தது என்று தெரியவில்லை. தோள் வலியா, பயமா, பதினோரு வருஷம் அர்த்தம் தெரியாமல் கேட்டுக்கொண்டிருந்தேனே அந்த எரிச்சலா, எல்லாம் சேர்ந்து கிளம்பியது. நான்தான் அடுப்படியில் நின்று கேட்டவள், எனக்குப் புரியாதது நியாயம். சுவருக்கு அந்தப் பக்கம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவளுக்கும் ஒன்றும் புரியவில்லை என்றால், அப்புறம் நடுவில் அந்தச் சுவர் எதற்கு. நோட்டைத் தூக்கி எறிந்தேன். அது போய்த் தண்ணீர்க் குடத்தின் மேல் விழுந்தது. "பொய் மார்க்கு வாங்கிட்டு வந்து பெருமை பேசுறியா?" என்று கத்தினேன். அவளும் விடவில்லை. "ஒனக்குச் சொல்லிக்குடுக்க வந்தேன்ல, என்னச் சொல்லணும்" என்று ஸ்கேலை இரண்டாக ஒடித்துப் போட்டுவிட்டு உள்ளே போனாள்.

இரண்டு நாள் பேச்சு இல்லை. தட்டில் சோற்றைப் போட்டு வைத்தால் சாப்பிட்டாள், அவ்வளவுதான். வீட்டுக்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வண்டியைத் துடைக்கிறேன் என்று வெளியே போய்விடுவார். நான் செய்தது அதிகம் என்று எனக்கே தெரியும். பிள்ளை வேலை மெனக்கெட்டு எனக்குச் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தது. அதனிடம் போய்ப் பாய்ந்தேன். ஆனாலும் முதலில் போய்ப் பேச என் வாய் வரவில்லை. அது என் பிறவிக் குணம்.

மூன்றாம் நாள் மாலை அவளே வந்து எதிரே உட்கார்ந்தாள். கையில் தடித்த அகராதி ஒன்று. அட்டை பிய்ந்து நூல் தொங்கிக்கொண்டிருந்தது.

"டீச்சர்ட்ட கேட்டு வாங்கியாந்தேன். அந்தப் போட்டுக்கு என்ன ஆச்சுன்னு பாப்போம்."

பதினெட்டு வரிப் பத்தி. மூன்று மாலை ஆனது. அவள் வார்த்தையைத் தேடுவாள், நான் தமிழில் எழுதுவேன். ஒவ்வொரு வரியையும் எழுதிவிட்டு, முந்திய வரியோடு சேர்த்துப் படித்துப் பார்ப்போம். ஒட்டவில்லை என்றால் அகராதியில் அடுத்த அர்த்தத்தை எடுத்துப் போட்டுப் பார்ப்போம். மெதுவாகத்தான் கதைக்குள்ளிருந்து ஆள் வெளியே வந்தார். ஒரு படகுக்காரர். நாற்பது வருஷமாக ஓர் ஆற்றில் ஊர்ச்சனங்களை அக்கரைக்குக் கொண்டுபோய் விடுகிறவர். அந்த ஊரில் ஒரு பாலம் கட்டுகிறார்கள். திறப்பு விழாவன்று எல்லாரும் கூடி, இத்தனை வருஷம் எங்களைக் கரை சேர்த்தவர் நீங்கள், பாலத்தில் முதல் ஆளாக நீங்கள்தான் நடக்க வேண்டும் என்கிறார்கள். அவரும் நடக்கிறார். கை தட்டுகிறார்கள். அக்கரை போனதும் எல்லாருக்கும் நன்றி சொல்லிவிட்டு, கீழே இறங்கி, அங்கே கட்டியிருந்த தன் படகிலேயே ஏறி வீட்டுக்குப் போகிறார்.

கடைசிக் கேள்வி, படகுக்காரர் எப்படி வீட்டுக்குப் போனார் என்பது. 'அவர் தன் படகில் வீட்டுக்குப் போனார்' என்று என் மகள் எழுதி, இரண்டு மதிப்பெண் வாங்கியிருந்தாள். இப்போது அந்த விடையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, பாலம் கட்டிட்டாங்கள்ல."

"ஆமா."

"இனிமே யாரும்மா படகுல வருவா?"

நான் அகராதியை மூடினேன்.

"அவருக்கு வேலை போயிருச்சும்மா. கைதட்டி அனுப்பிட்டாங்க" என்றாள். தாளை மடக்கி வைத்துவிட்டு, "இதுக்குப் போயி நான் பத்து மார்க்கு வாங்கிருக்கேன்" என்றாள். அவள் தலையில் கை வைக்க நினைத்தேன், வலது கை எழும்பவில்லை, இடது கையை வைத்தேன்.

அரையாண்டுப் பரீட்சையில் அவள் புள்ளியிலிருந்து புள்ளி எழுதவில்லை. பத்தியைப் படித்து, புரிந்துகொண்டு, தன் வாக்கியத்தில் எழுதினாள். தாளைத் திருத்திக் கொடுத்த அன்று வந்து என் மடியில் வைத்தாள். பத்துக்கு ஐந்து.

"நீ சொன்னதக் கேட்டேன்ல" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மறுநாள் மதியச் சாப்பாடு முடிந்ததும் கையைக்கூடச் சரியாகத் துடைக்காமல் டீச்சரிடம் போனேன். ஆசிரியர் அறையில் அவர் மட்டும் இருந்தார். முன்னால் தாள்கள் அடுக்கி இருந்தன. விரலெல்லாம் சிவப்பு மை. என் மகளுடைய தாளை நீட்டி, "புரியாம எழுதுனா பத்து, புரிஞ்சு எழுதுனா அஞ்சா டீச்சர்?" என்று கேட்டேன். என் குரல் தாழ்வாரம் வரைக்கும் போயிருக்கும்.

டீச்சர் கோபப்படவில்லை. "உக்காருங்க அக்கா" என்றார். தாளை வாங்கி அந்தப் பக்கத்தைத் திருப்பினார். "அவ எழுதுனது தப்பில்லீங்க. கதையப் புரிஞ்சுதான் எழுதிருக்கா. படிக்கறப்பவே எனக்குத் தெரிஞ்சுதுங்க. ஆனா வரிக்கு வரி இலக்கணம் இடிக்குதுங்க. புஸ்தக வரிய அப்படியே எழுதுனா இலக்கணமும் புஸ்தகத்தோடதுங்க, தப்பு வராது. சொந்தமா எழுதுனா தப்பும் சொந்தமுங்க."

நான் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டேன்.

"நானும் அப்படி எழுதித்தானுங்க அக்கா பாஸ் பண்ணி வந்தேன்" என்றார், தாளைப் பார்த்துக்கொண்டே. "உங்களுக்கும் சொல்றனுங்க. பப்ளிக் எக்ஸாமுல யாரு திருத்துவாங்கன்னு தெரியாது. ஒரு நாளைக்கு எத்தன தாளு திருத்துவாங்களோ. உங்களுக்கு முப்பத்தஞ்சு வேணும். வரியவே எழுதிருங்க."

போகும்போது இருந்த கோபம் திரும்பும்போது இல்லை. அதற்காக நிம்மதியும் இல்லை. யாரைத் திட்டுவது என்று தெரியாத கோபம் ரொம்பச் சங்கடம். போய்ப் பாத்திரம் கழுவினேன்.

அன்று மாலை நானும் மகளும் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம். முதலில் கதை, அப்புறம் மார்க்கு. எந்தப் பத்தியை எடுத்தாலும் அதை ஒருவருக்கு ஒருவர் தமிழில் சொல்லிவிட வேண்டும். சொல்லி முடித்த பிறகு, விரலை வைத்துப் புள்ளியிலிருந்து புள்ளி எடுத்து எழுதிக்கொள்ளலாம், தப்பில்லை. தை, மாசி இரண்டு மாதமும் இப்படியே போனது. டீச்சர் பழைய வினாத்தாள் கட்டு ஒன்று கொடுத்தார். அதில் எத்தனை பேருடைய கதை இருந்தது என்று நினைத்தால் ஆச்சரியமாக இருக்கிறது. கடிகாரம் பழுது பார்க்கிறவர், பள்ளிக்கூடத்துக்கு ஏரி தாண்டிப் போகிற பெண், நாய் வளர்த்த கிழவர். எல்லாரும் விடை எழுதுவதற்காக வந்துவிட்டு, யாரும் என்ன ஏது என்று கேட்காமல் திரும்பிப் போனவர்கள். முட்டை உரிக்கும்போது உதவிக்கு இருக்கிற பெண்ணுக்கும் அந்தக் கதைகளைச் சொல்வேன். "இதெல்லாமா அக்கா அந்த இங்கிலீசுக்குள்ள இருக்கு?" என்பாள்.

பரீட்சை திண்டுக்கல்லில் ஒரு பள்ளியில். மகளும் லீவு போட்டு என்னோடு பஸ்ஸில் வந்தாள். கேட்டில் நின்ற காவலர், "பேரண்ட்ஸ் எல்லாம் வெளிய நில்லுங்கம்மா, பிள்ளைய மட்டும் அனுப்புங்க" என்று என்னைத் தடுத்து, என் மகளுக்கு வழி விட்டார். நான் ஹால் டிக்கெட்டை நீட்டினேன். அவர் படத்தைப் பார்த்து, என்னைப் பார்த்து, நகர்ந்துகொண்டார். மகள் வாயைப் பொத்திச் சிரித்தாள். எனக்கு அந்தச் சிரிப்பு வேண்டியிருந்தது.

அறையில் எல்லாரும் என் மகளைவிட ஒன்றிரண்டு வயது மூத்த பிள்ளைகள். ஜன்னல் வழியே மலைக்கோட்டையின் ஒரு ஓரம் தெரிந்தது. வினாத்தாள் வந்ததும் ஒரு மதிப்பெண் கேள்விகளை முடித்தேன். இலக்கணத்தில் முட்டைகள் கை கொடுத்தன, சில முட்டைகள் ஏமாற்றின. கடிதம் எழுதினேன். பாடத்திலிருந்து கேட்ட கேள்விகள் பாதி தெரியவில்லை. மனசுக்குள் கூட்டிப் பார்த்தேன். முப்பது தேறலாம், தேறாமலும் போகலாம். வலது தோள் இரண்டு மணி நேரத்துக்கு மேல் எழுதி எழுதி விண்விண் என்று தெறித்தது. பத்தியைத் திருப்பினேன்.

ரொட்டிக்கடை வைத்திருக்கிற ஒரு பெண். தினமும் விடிகாலையில் ரொட்டி சுட்டு ஜன்னலோரம் ஆற வைக்கிறாள். தினமும் ஒன்று குறைகிறது. யாரோ எடுத்துப் போகிறார்கள். முதலில் ஆத்திரப்படுகிறாள். பிறகு ஒரு நாள், ஒன்று கூடுதலாகச் சுட ஆரம்பிக்கிறாள். பல மாதம் அப்படியே நடக்கிறது. ஒரு மழை நாள் காலையில் பார்த்தால் ரொட்டி அப்படியே இருக்கிறது. மறுநாளும் இருக்கிறது. அவள் கடையை மூடிவிட்டு, அந்த ரொட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கித் தேடிப் போகிறாள்.

இத்தனையும் அகராதி இல்லாமல், பக்கத்தில் யாரும் இல்லாமல் எனக்குப் புரிந்தது. இரண்டு வார்த்தை தெரியவில்லை, ஆனாலும் புரிந்தது. நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். கண்காணிப்பாளர், "என்னம்மா, பேப்பர் வேணுமா?" என்று வந்து கேட்டார். வேண்டாம் என்று தலையாட்டினேன். சந்தோஷமாக இருந்தது. முப்பத்தெட்டு வயதில் அந்தச் சந்தோஷம் எனக்குக் கிடைத்தது, அதை மறைக்க விரும்பவில்லை.

முதல் நாலு கேள்விக்கும் புள்ளியிலிருந்து புள்ளி எடுத்து எழுதினேன். டீச்சர் சொன்னபடியே, ஒரு எழுத்து மாற்றாமல். வெட்கப்படவில்லை. என் கைக்கு அந்த மதிப்பெண் வேண்டும்.

ஐந்தாவது கேள்வி, அவள் ஏன் தேடிப் போனாள் என்பது. பத்தியில் அந்த வார்த்தை இருக்கிறது. அதற்கு முந்திய புள்ளியும் அடுத்த புள்ளியும் இருக்கின்றன. நடுவில், அவள் ரொட்டியோடு தேடிப் போனாள் என்று மட்டும்தான் இருக்கிறது. அதை எழுதினாலும் யாராவது ஒரு மதிப்பெண்ணாவது போட்டிருக்கக்கூடும். ஆனால் அது ஏன் என்பதற்குப் பதில் இல்லை. பதில் எனக்குத் தெரியும். எங்கள் கூடத்தில் மதியம் ஒரு முட்டை மிஞ்சினால், நான் வரிசையைப் பார்த்து யார் வரவில்லை என்று தேடுவேன். எந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல், எந்தப் பிள்ளையைப் பூப்பறிக்கக் கூட்டிப் போய்விட்டார்கள் என்று விசாரிப்பேன். பதினோரு வருஷமாகச் செய்கிறேன்.

என்னிடம் இருந்த சொற்களைப் பொறுக்கி இங்கிலீஷில் மூன்று வாக்கியம் எழுதினேன். தமிழில் சொன்னால் இப்படி: ரொட்டிக்கு ஓர் ஆள் உண்டு. ஆள் வரவில்லை. ஆகையால் அவள் போகிறாள். காலமெல்லாம் குழம்பித்தான் கிடந்தது, அது எனக்கே தெரிந்தது. திருத்தத் தெரியவில்லை. மணி அடித்துவிட்டார்கள்.

வெளியே வந்தபோது மதிய வெயில் கண்ணைக் குத்தியது. கேட்டுக்கு எதிரே கரும்புச்சாறு வண்டி நிழலில் மகள் நின்றிருந்தாள். ஓடி வந்து பையை வாங்கிக்கொண்டாள். எத்தனை எழுதினாய், எத்தனை விட்டாய் என்று குடைவாள், என்ன சொல்லித் தப்பிப்பது என்று யோசித்துக்கொண்டே வந்தேன்.

"பாஸேஜ் என்ன கதைம்மா?" என்றாள்.

பஸ் நிறுத்தத்தில் நின்று முழுக்கச் சொன்னேன். நடுவில் எங்கள் ஊர்ப் பஸ் வந்து நின்று, போனது. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அந்த ஆளக் கண்டுபிடிச்சாளா?"

"அதோட முடிஞ்சிருச்சு. பத்தி அம்புட்டுத்தான்."

"என்னம்மா இப்டிப் பாதில விட்டுட்டாங்க" என்று அவள் உண்மையாகவே வருத்தப்பட்டாள். ஐந்தாவது கேள்விக்கு என்ன எழுதினேன் என்பதையும் சொன்னேன். அவளுக்கு வாத்தியார் முகம் வந்துவிட்டது. "புள்ளிலருந்து புள்ளி எழுதிருக்கலாம்ல. ரெண்டு மார்க்கு போச்சு போ" என்றாள். எனக்கும் அதுதான் தோன்றியது. வீடு வரைக்கும் அதே கவலையோடு வந்தேன்.

மே மாதம் முடிவு வந்தது. செல்போனில் மகள்தான் பார்த்தாள். பார்த்துவிட்டுப் போனை என்னிடம் நீட்டினாள். முப்பத்தாறு. நான் எண்ணைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். வீட்டுக்காரர் வாழ்க்கையில் முதன்முறையாக எனக்குக் கை கொடுத்தார், அதுவும் வலது கையைப் பிடித்து ஆட்டிவிட்டார். வலியில் எனக்குக் கண்ணீர் வந்தது. அவர் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார், நானும் அப்படியே விட்டுவிட்டேன். ஆடி மாதம் எனக்கு அமைப்பாளர் ஆர்டர் வந்தது. உதவிக்கு இருந்த பெண்தான் இப்போது அங்கே சமையலர், அண்டா இறக்க இரண்டு பேர் இருக்கிறார்கள். என் கை தலைக்கு மேலே எழும்புகிறது.

ஆனால் அன்று மகள் போனைத் திருப்பி வாங்கி வெகு நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். வாய் முணுமுணுத்தது.

"அம்மா, முப்பத்தாறுல ரெண்டு போனா முப்பத்தி நாலு."

"அதுக்கென்ன?"

"முப்பத்தி நாலுன்னா பெயிலு. அஞ்சாவது கேள்விக்கு மார்க்கு போட்டுருக்காங்கம்மா."

அப்படித்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது. வேறு எங்காவது இரண்டு மதிப்பெண் தாராளமாக விழுந்திருக்கலாம். அதை அவளிடம் சொல்லவும் செய்தேன். அவள் காதில் வாங்கவில்லை. தாள் எந்த ஊருக்குப் போனதோ, எந்த அறையில் எத்தனை கட்டுக்கு நடுவில் கிடந்ததோ, எனக்குத் தெரியாது.

"தப்பும் தவறுமா எழுதுன ஒன் வரிக்கு யாராவது சும்மா மார்க்கு போடுவாங்களா?" என்றாள் மகள். "படிச்சிருக்காங்கம்மா. யாரோ அதப் படிச்சிருக்காங்க."